வெற்றிலைக் கொடிக்கு வந்த தண்ணீர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் சீக்கிரம் போகாது. இது என் மனைவி குமுதவல்லி எனக்குக் கொடுத்த நற்சான்றிதழ். இருபத்தாறு வருஷத்தில் யாரும் அதை மறுத்துப் பேசியதில்லை. பக்கத்து வீட்டு வள்ளிநாயகியோடு பதினோரு மாதம் நான் பேசாமல் இருந்ததற்கு அந்தக் கோபம்தான் காரணம். இன்றைக்கு அதே வள்ளிநாயகிக்குக் கையெடுத்துக் கும்பிடக் கடமைப்பட்டிருக்கிறேன். அது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

லாபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், எண்ணெய் ஆலைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் லயத்து வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஆலையில் நான் பாய்லர்காரன். பனங்கொட்டை ஓட்டையும் நாரையும் எரித்து நீராவி கிளப்பிக் கொடுப்பது என் வேலை. பெயர் புனிதன், வேலை முடிந்து வரும்போது முகத்தைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

பாய்லர் என்றால் நெருப்பு என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் அது தண்ணீர்ப் பிழைப்பு. பாய்லர் தண்ணீர் அமிலப் பக்கம் சாய்ந்தால் இரும்பைத் தின்றுவிடும். அதனால் மருந்து போட்டு அதைக் காரப் பக்கமே வைத்திருப்போம். காரம் என்றதும் மிளகாயை நினைக்க வேண்டாம், சோப்புக்கும் சுண்ணாம்புக்கும் இருக்கிற குணம் அது. அதை அளக்கிற மீட்டரில் ஏழு என்றால் நடு. நல்ல குடிதண்ணீர் அதை ஒட்டி நிற்கும். பாய்லருக்குப் பத்தரைக்கு மேல் வேண்டும். ஏழுக்கும் எட்டுக்கும் ஓர் எண் வித்தியாசம்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. ஓர் எண் ஏறினால் காரம் பத்து மடங்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். பத்தொன்பது வருஷமாகத் தினமும் அந்தத் தண்ணீரைச் சோதித்துப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பிறகு நீங்கள் என்னைத் திட்டுவதற்கு வசதியாக இருக்கும்.

குமுதா பதினேழு வருஷம் தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலை செய்தவள். அவள் கை பட்ட கன்று சோடை போனதில்லை என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரே சொல்வார். இரண்டு வருஷத்துக்கு முன் மார்பில் கட்டி வந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்து, ஆறு தடவை மருந்து ஏற்றினார்கள். கொட்டிய முடி முளைத்துவிட்டது. ஆனால் அந்த மருந்து கை நகங்களையெல்லாம் கறுக்க வைத்துவிட்டது. வாசலில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படி இருந்த ஒரு நாள், வேலிக்கு மேல் எட்டிப் பார்த்த வள்ளிநாயகியின் வெற்றிலைக் கொடியில் ஓர் இலை கிள்ளப் போனாள். வள்ளிநாயகி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"குமுதா, மருந்து ஏறுன உடம்பு. வெத்தலையத் தொடாத லா. பட்டுப் போயிடும்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம். தீட்டு நாளில் வெற்றிலைக் கொடியைத் தொடாதே என்று பெண்களுக்குள் சொல்லிக்கொள்வது வழக்கம்தான். அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துவிட்டாள். ஆனால் குமுதா சுடுசட்டியில் பட்டவள் போல் கையை இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு கொல்லையில் இருந்த கறிவேப்பிலையைக்கூட அவள் கிள்ளவில்லை. குழம்புக்கு நான்தான் பறித்துக் கொடுப்பேன். அன்றோடு வள்ளிநாயகிக்கும் எனக்கும் பேச்சு நின்றது.

தீபாவளி முடிந்த வாரம் அம்பாங்கான் பக்கம் போனபோது மூன்று வெற்றிலைக் கொடித் துண்டு வாங்கி வந்து, வேலி ஓரம் நட்டேன். நட்டதோடு சரி, தண்ணீர் ஊற்றவில்லை. வேண்டுமென்றேதான். மூன்று நாள் குமுதாவும் வீம்பாக இருந்தாள். நான்காம் நாள் காலையில் வாளியோடு கொல்லைக்குப் போகிற சத்தம் கேட்டது. "நட்டுட்டு தண்ணி ஊத்தாதவன் என்ன மனுசன்" என்று யாரிடமோ சொல்வது போல் சொல்லிக்கொண்டு போனாள். நான் போர்வைக்குள் சிரித்தேன்.

கொடி பிடித்துக்கொண்டது. தை மாதம் கூரை விளிம்பைத் தொட்டுவிட்டது. அவள் நகங்களும் அடியிலிருந்து வெளுப்பாக வளர்ந்து வந்தன. கறுப்பு நுனிக்குத் தள்ளப்பட்டது. ஒரு நாள் உள்ளங்கை அகல இலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "ஏங்க, இது தழைச்சிருச்சுன்னா எனக்கும் சரியாயிருச்சுன்னு அர்த்தம். நான் அப்படித்தான் மனசுல வெச்சிருக்கேன்."

வெற்றிலைக் கொடியின் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றாதே என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

மாசி பிறந்ததும் வெயில் கொளுத்தியது. குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். லோரியில் கொண்டுவரும் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் காணும். வெற்றிலையோ ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் முகம் வாடுகிற சாதி. அதனால் நான் களத்தில் இறங்கினேன். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் முதலில் ஒரு தொட்டிக்கு வரும். சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் அங்கே தேங்காய் நாரில் தங்கிவிடும். அதற்கு அடுத்து ஒரு நீலத் தோங், பிளாஸ்டிக் பீப்பாய். அடியில் கல், அதன்மேல் மணல், அதன்மேல் கரி. கீழே ஒரு குழாய். வடிந்த தண்ணீரை ஒரு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது, நாறும். இலை பச்சையாக மெல்லுகிற சாமான், அதனால் வேருக்கு மட்டும்தான் ஊற்ற வேண்டும். இத்தனை ஒழுங்கும் எனக்குத் தெரிந்திருந்தது.

கரிக்குக் கடைக்கு ஏன் போக வேண்டும்? எங்கள் பாய்லருக்கு அடியிலிருந்து தினமும் கறுப்புக் கறுப்பாக அள்ளிக் கொட்டுகிறோம். பனை மரத்துக்கே உரமாகப் போடுகிறார்கள். மூட்டை கட்டி மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை பழசை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்பினேன்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. லயத்தில் ஒரு வீடு விடாமல் கூட்டி வந்து காட்டினேன். கண்ணாடித் தம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டுவேன். கையில் தேய்த்தால் வழவழவென்று இருக்கும். "ஊத்துத் தண்ணி கெட்டுது போ!" என்று பீற்றிக்கொண்டேன். வள்ளிநாயகியைத் தவிர எல்லாரும் வந்து பார்த்தார்கள்.

மூன்றாவது வாரம் தளிர் இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் மஞ்சள். வெயில் என்றாள் குமுதா. இன்னும் தண்ணீர் ஊற்றினோம். இன்னும் மஞ்சளாயின. பூச்சி என்றாள். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பூச்சி இல்லை. பிறகு கொழுந்து நுனி கருகத் தொடங்கியது. அதற்கப்புறம் அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். கொல்லை வாசற்படியில் இரண்டு கைகளையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே நீங்களே ஊத்துங்க. நான் தொடல."

"ஏன்?"

"அவ சொன்னது சரிதான். என் கைதான் விஷம்."

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஸ்கேன். மருந்து முடிந்து ஒரு வருஷம் கழித்துப் பார்க்கிற முக்கியமான சோதனை. போகமாட்டேன் என்றாள்.

"போயி என்னத்தப் பாக்கறது? திரும்பி வந்துருச்சுன்னு கொடியே சொல்லிருச்சு. அத மெஷின் வேற சொல்லணுமா?"

கெஞ்சினேன். கத்தினேன். தூக்கிக்கொண்டு போவேன் என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாய் சோற்றோடு தட்டைத் தள்ளிவிடுவாள். அந்த நாலு நாளில் நான் பட்ட பயம், அறுவை அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோதுகூடப் பட்டதில்லை. அப்போது டாக்டர்கள் இருந்தார்கள். இப்போது அவளே கதவைச் சாத்திக்கொண்டு விட்டாள்.

சனிக்கிழமை காலை கடைசி வீட்டில் புவனேஸ்வரன் மகளுக்கு நலங்கு. எங்கள் லயத்தில் கல்யாணமோ சடங்கோ, ஆரத்தி கரைப்பது வள்ளிநாயகிதான். அன்றைக்குக் குழாயில் தண்ணீர் இல்லை. மஞ்சள் அரைத்த கையோடு அவள் எங்கள் கொல்லைக்குள் நுழைவதை அடுப்படிச் சன்னல் வழியாகப் பார்த்தேன். என்னைக் கேட்காமல் என் தோங்கின் குழாயைத் திறந்து கை கழுவினாள்! இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நான் வெளியே வரவும், அவள் "ஐயையோ!" என்று கத்தவும் சரியாக இருந்தது.

அவள் இரண்டு கையும் மணிக்கட்டு வரை சிவப்பு. விரல் நுனியிலிருந்து ரத்தம் மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது.

பயந்தவள் ஒரு நொடியில் தெளிந்துவிட்டாள். கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல சுண்ணாம்பு இருக்கு."

"என்ன உளறுற?"

"எத்தன ஆரத்தி கரைச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? மஞ்சத் தண்ணில துளி சுண்ணாம்பு போட்டா செவக்கும். நான் சுண்ணாம்பு டப்பாவ இன்னும் தொறக்கவே இல்ல. உங்க தண்ணிதான் செவக்க வெச்சுது."

சுண்ணாம்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உச்சி வரை ஏறிவிட்டது. என் தொட்டியில் சுண்ணாம்பு எப்படி வரும்? யாராவது போட்டால்தானே வரும்? போடுகிறவள் யார்?

"வாயால பட்டுப் போகச் சொன்ன. அது பத்தலன்னு சுண்ணாம்பு வேற கொண்டாந்து கொட்டினியா?"

வள்ளிநாயகி சிவந்த கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "போடணும்னா உங்க தலையிலதான் போட்டிருப்பேன். தண்ணியில எதுக்குப் போடறேன்?" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று நலங்கு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நிரூபித்துக் காட்டுகிறேன் என்று கறுவினேன். இரண்டு காலி மினரல் தண்ணீர்ப் போத்தல் எடுத்தேன். ஒன்றில் வடிகட்டுவதற்கு முன் தொட்டியில் இருந்த தண்ணீர், இன்னொன்றில் வடிந்த தண்ணீர். ஆலை லேப்பில் இருக்கும் அஸ்வர் படித்தவன், நியாயஸ்தன். சுண்ணாம்பு என்று அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், லயமே கூடி நிற்க வள்ளிநாயகியைக் கேட்டுவிடுகிறேன் என்று மோட்டாரை முறுக்கினேன்.

அஸ்வர் முதல் போத்தலில் மீட்டர் கம்பியை விட்டான். "ஏழு புள்ளி ஆறு. சோப்புத் தண்ணி, ஒண்ணுமில்ல." கம்பியைக் கழுவி இரண்டாவதில் விட்டான். எண்கள் ஏறிக்கொண்டே போயின. பத்து புள்ளி ஏழில் நின்றது.

"என்னண்ணே, பாய்லர் தண்ணிய எதுக்கு மினரல் போத்தல்ல கொண்டாந்திருக்கீங்க?"

"அது என் வெத்தலைக்கு ஊத்துறது."

அவன் மீட்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "தோங்குக்குள்ள என்ன போட்டிருக்கீங்க?"

"கல்லு, மணலு, கரி."

"எந்தக் கரி?"

சன்னலுக்கு வெளியே, பாய்லருக்கு அடியில் குவிந்து கிடந்த கறுப்பு மலையைக் கையால் காட்டினேன்.

அஸ்வர் தலையில் கை வைத்துக்கொண்டான். "அது கரி இல்லண்ணே, சாம்பல்! சரியா எரியாத ஓடு நாலு கலந்திருக்கறதால கறுப்பாத் தெரியுது. கரி அழுக்கப் புடிச்சு வெச்சுக்கும், தண்ணியில கரையாது. சாம்பல்ல இருக்கற உப்பு கரைஞ்சு தண்ணியோடயே போயிரும். காரம்னா அப்படிக் காரம். முன்ன சாம்பல் தண்ணிய எண்ணெயோட காய்ச்சித்தான் சவுக்காரமே செஞ்சாங்க."

"பனைக்குப் போடறோமே?"

"பனை மண்ணு புளிப்பு, அதுக்கு வேணும். அதுவும் எப்பவோ ஒரு தடவ. நீங்க அந்தச் சின்னக் கொடிக்கு நித்தம் ஊத்தியிருக்கீங்க. மண்ணு காரமாயிருச்சுன்னா இரும்புச் சத்து மண்ணுல இருந்தாலும் வேரால எடுக்க முடியாது. எலை மஞ்சளாயிரும், நரம்பு மட்டும் பச்சையா நிக்கும்."

"தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சே, அஸ்வர்."

"உப்பப் போட்டுக் கலக்கினாலும் தண்ணி கண்ணாடி மாதிரிதானே இருக்கு?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. பத்தொன்பது வருஷம் ஊரான் பாய்லருக்குச் சோதித்தவன், சொந்தக் கொல்லைத் தண்ணீரில் ஒரு சோதனைக் காகிதத்தை நனைத்துப் பார்க்கவில்லை. வழவழவென்று இருக்கிறது என்று பீற்றியது வேறு நினைவுக்கு வந்தது. காரத் தண்ணீர் வேறு எப்படி இருக்கும்?

ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியிலிருந்து வேறொன்று பொங்கி வந்தது. அப்படியானால் அது அவள் கை இல்லை. அவள் உடம்பு இல்லை. நோய் திரும்பி வந்ததற்கு அடையாளமும் இல்லை. தப்பு முழுக்க முழுக்க என்னுடையது! என் வாழ்க்கையில் ஒரு தப்புக்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அஸ்வரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். முட்டாள்தனத்தைச் சுட்டிக்காட்டியதற்கு இந்த மனுஷன் ஏன் கண் கலங்குகிறான் என்று அவன் விழித்தான்.

வழியில் ஒரு யோசனை வந்தது. நான் போய்ச் சொன்னால் குமுதா நம்ப மாட்டாள். அவளைத் தேற்றுவதற்காக ஆஸ்பத்திரிக் காலத்தில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாள். கண்ணால் பார்த்தால்தான் நம்புவாள். நேராக நலங்கு வீட்டுப் பின்பக்கம் போனேன். வள்ளிநாயகி பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வள்ளி, தப்பு என்னுதுதான். பாய்லர் சாம்பலக் கரின்னு நெனச்சுப் போட்டுட்டேன். உன்மேல பழி போட்டதுக்கு நீ என்ன வேணா திட்டு, ஆனா அப்புறம் திட்டு. இப்ப கொஞ்சம் மஞ்ச எடுத்துக்கிட்டு வா. குமுதா நம்பணும்."

பதினோரு மாதப் பகையில் அவள் எவ்வளவோ கேட்டிருக்கலாம். மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

குமுதாவைக் கூப்பிட்டு வாசற்படியில் உட்கார வைத்தோம். வள்ளிநாயகி நாலு தட்டில் மஞ்சளைக் கரைத்தாள். லோரித் தண்ணீர் விட்ட தட்டு மஞ்சள். தொட்டித் தண்ணீர் விட்டதும் மஞ்சள். தோங்கில் வடிந்த தண்ணீரை விட்டதும் மூன்றாவது தட்டு குப்பென்று சிவந்தது. நாலாவதில் லோரித் தண்ணீரையே விட்டு, என் மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டேன். அதுவும் கலங்கிச் சிவந்தது. அஸ்வர் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். குமுதா தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் முந்தானைக்குள்ளேயே இருந்தன.

அப்போது வள்ளிநாயகி செய்ததை நான் சாகிற வரை மறக்கமாட்டேன். முந்தானையை விலக்கி, குமுதாவின் வலது கையை வெளியே இழுத்தாள். முதல் தட்டில், மஞ்சள் தண்ணீருக்குள் அதை அப்படியே அமுக்கினாள்.

"பாரு. நல்லாப் பாரு. செவக்குதா?"

சிவக்கவில்லை. நுனி கறுத்த அஞ்சு நகமும் மஞ்சளுக்குள் தெரிந்தன. தண்ணீர் மஞ்சளாகவே இருந்தது.

"உன் கையில ஒண்ணுமில்லடி. நான்தான் வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்காம..." அமுக்கிய கையை வள்ளிநாயகி எடுக்கவில்லை.

இது சோதனையே கிடையாது. அஸ்வர் கேட்டால் சிரிப்பான். யார் கையை முக்கினாலும் மஞ்சள் தண்ணீர் மஞ்சளாகத்தான் இருக்கும். ஆனால் எந்த லேப்பும் எழுதிக் கொடுக்க முடியாத ஒன்றை அந்தத் தட்டு குமுதாவுக்கு எழுதிக் கொடுத்தது. அவள் கையைத் தண்ணீருக்குள் ஒரு முறை திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"ஏங்க."

"சொல்லு."

"பத்தொன்பது வருசமா தண்ணியச் சோதிக்கிற ஆளுதானே நீங்க?"

"ஆமா."

"கரி எது சாம்பல் எதுன்னு தெரியாதா உங்களுக்கு? வீடு வீடாக் கூட்டியாந்து தம்ளர்ல வேற காட்டுனீங்களே! மூணு வாரமா நான் செத்துச் செத்துப் பொழைச்சிருக்கேன். ராத்திரி படுத்தா என் கையையே வெட்டிப் போட்டுரலாமான்னு இருந்துச்சு. அதெல்லாம் உங்க ஓசிச் சாம்பலுக்காகவா?"

நிறுத்தவே இல்லை. என் அம்மாவைத் திட்டினாள், ஆலையைத் திட்டினாள், அந்த நீலத் தோங்கை விற்றவனைத் திட்டினாள். நலங்கு வீட்டிலிருந்து நாலு பேர் வேலி ஓரம் வந்து வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். இரண்டு வருஷமாக அவள் என்னிடம் அடங்கிய குரலில்தான் பேசிக்கொண்டிருந்தாள், வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. நான் தலையைக் குனிந்துகொண்டு, மழையில் நனைகிறவன் போல அவ்வளவையும் வாங்கிக்கொண்டேன்.

திட்டிக்கொண்டே எழுந்து வேலிக்குப் போனாள். கொடிக்கு அடியில் மண்டியிட்டு, வெறும் கையால் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தாள். "வள்ளி, உன் கொடி அடி மண்ணு ரெண்டு வாளி குடு. அந்த லோரித் தண்ணியக் கொண்டா, வேரக் கழுவி விடணும். கருகுன கொழுந்தெல்லாம் கிள்ளிரணும்" என்று நாற்றுப் பண்ணைக் குரலில் வேலை ஏவினாள். வள்ளிநாயகி வாளியோடு ஓடினாள். மூன்று கொடியில் ஒன்று தேறாது என்று குமுதாவே பிடுங்கிப் போட்டாள்.

நான் தோங்கைக் கவிழ்த்துச் சாம்பலை மூட்டையில் அள்ளிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:

"செவ்வாக்கெழமைக்கு லீவு எழுதிக் குடுத்தீங்களா?"

"நீ வரலன்னு சொன்னியே, அதான் இன்னும்..."

"அப்ப இங்க நின்னு என்ன பண்றீங்க? ஆபீஸ் ஒரு மணிக்குச் சாத்திருவான். போங்க."

சாம்பல் கையோடு மோட்டாரை எடுத்தேன். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சுகுமாறன் லீவு பாரத்தை நீட்டினார். பெயர் எழுதினேன், தேதி எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'மனைவிக்கு மருத்துவச் சோதனை' என்று மலாயில் எழுத வேண்டும். பேனா என்னைக் கேட்காமல் தமிழில் ஓடிவிட்டது. 'மனைவி வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.'

கிராணி அதை இரண்டு முறை படித்தார். அடித்துவிட்டுத் திருத்தி எழுதச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் பேனாவை வாங்கிக் கீழே கையெழுத்துப் போட்டார்.